பாறைக்குழிக்கு ஐந்து நட்சத்திரம் கேட்டு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பவர் டேபிள் ஜாப் ஒர்க் நடத்தும் ஒருவன், அவிநாசிபாளையம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், சுற்றுலாத் துறை, தமிழ்நாடு அரசு, சென்னை.

பொருள்: கானகத்து இயற்கைச் சுனையில் சொகுசு ஒருநாள் ஓய்வகம் அமைக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

எங்கள் ஊர் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற வழியில் இருக்கிறது. டீ குடிக்க வண்டியை நிறுத்துவார்கள். குளிக்க யாரும் நிறுத்தியதில்லை. அந்தக் குறையை நீக்கவே இந்த விண்ணப்பம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது இந்தப் பக்கம் பல டேபிள்கள் நின்றன. ஓவர்லாக், பேட்லாக் தையல் எந்திரங்கள் ஓய்வெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஓய்வையே விற்றால் என்ன என்று தோன்றியது. போனைத் திறந்தால் அந்த வியாபாரம்தானே ஓடுகிறது: காட்டுக்குள் ஒரு சுனை, இறங்க மரப்படி, கரையில் சாய்வு நாற்காலி, வாழையிலையில் மதியச் சாப்பாடு, மாலை ஐந்து மணிக்கு டாட்டா. தலைக்கு என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்தேன். என் பட்டறையில் பிசிறு வெட்டுகிற அக்காவுக்குச் சனிக்கிழமை எண்ணிக் கொடுக்கிற வாரச் சம்பளம்.

உங்கள் மாவட்டத்தில் அசல் அருவியே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது ஐயா. உடுமலைக்கு அந்தப்பக்கம், திருமூர்த்தி மலையில் பஞ்சலிங்க அருவி. ஆனால் அதில் சொகுசு கிடையாது. அமணலிங்கேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு மேலேறிப் போகிற கூட்டம் துண்டும் சோப்புமாக வந்து நிற்கும். ஒருவர் முதுகில் விழுந்த தண்ணீர் அடுத்தவர் தலைக்குத் தெறிக்கும். மலையில் மழை என்றால் தடை போட்டுவிடுவார்கள். போடத்தான் வேண்டும். பழைய குற்றாலத்தில் 2024 மே 17-ல் சில நிமிடங்களில் வந்த காட்டு வெள்ளம் ஒரு பள்ளிச் சிறுவனைக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்கும் கூட்டத்துக்கும் கட்டுப்பட்டதாக இருப்பதுதான் பொது அருவியின் கோளாறு.

இந்தக் கோளாறைத் தென்காசிப் பக்கம் சிலர் அழகாகத் தீர்த்து வைத்தார்கள். மலையிலிருந்து இறங்குகிற ஓடையை வழியிலேயே மடக்கி, விடுதி வளாகத்துக்குள் திருப்பி, சிமென்ட் பாறை மேலிருந்து விழச் செய்து, 'தனியார் அருவி' என்று பெயரும் வைத்தார்கள். வரிசை இல்லை, சீசனுக்குக் காத்திருக்க வேண்டாம், அறை எடுத்தால் அருவி சேர்த்தி. 2022 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை அருவியின் பாதையை மாற்றிச் செயற்கை அருவி உண்டாக்கும் விடுதிகளை மூடச் சொன்னது. ஒரு நீதிமன்றம் வந்து சொல்லும்வரை ஒரு நீரோடை இடம் மாறியது எந்த அலுவலகத்தின் கண்ணிலும் படவில்லை என்றால், அந்தத் திட்டத்தின் கலைநயம் எப்படி இருந்திருக்க வேண்டும்! நான் அவர்களிடமிருந்து கற்க விரும்புகிறவன்.

தண்ணீரைத் திருப்பும் வித்தை எங்கள் பகுதிக்குப் புதிதில்லை என்பதையும் தகுதியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். திருமூர்த்தி அணையிலிருந்து வருகிற பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்கால் பாசனம் நான்கு மண்டலம். முறை வந்தால்தான் தண்ணீர். முறை வராத மண்டலத்துக்காரன் வானத்தைப் பார்க்க வேண்டியது. முறை வந்தும் கடைமடைக்குப் போய்ச் சேராத தண்ணீர் எங்கே போனது என்பதற்கு வாய்க்கால் ஓரத்துக் கிணறுகளும் ராத்திரிக் குழாய்களும் பதில் சொல்லும். தென்னந்தோப்புக்கு இவ்வளவு செய்ய முடிகிறவர்களுக்கு ஒரு நீச்சல் சுனைக்குச் செய்வது பெரிய வேலையா?

ஆனால் எனக்கு வாய்க்கால்கூட வேண்டாம். எங்களிடம் பாறைக்குழி இருக்கிறது. ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் வெடி வைத்து எடுத்தபிறகு குத்தகைக்காரர் விட்டுப்போன குழி. நான்கு பக்கமும் செங்குத்துப் பாறை, அடியில் ஊற்றும் மழையும் சேர்ந்த பச்சைத் தண்ணீர். வெளிநாட்டில் இதே காட்சிக்குப் படகு வைத்து டிக்கெட் கிழிக்கிறார்கள். சுற்றிலும் சீமைக்கருவேலம், அதைத் தாண்டினால் கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலம், நிழலுக்கு வெள்வேல மரம். கானகம் என்று விளம்பரத்தில் போட இது போதாதா? மயில் வேறு, விரட்டினாலும் போகாது. தக்காளி போட்டவனைக் கேளுங்கள், கண்ணீரோடு சொல்வான். வானத்தில் காற்றாலை சுழலும். அதற்குத் தனிக் கட்டணம் வைக்கலாமா என்று யோசித்து வருகிறேன்.

குழியின் ஆழம் யாருக்கும் தெரியாது. குத்தகை முடிந்தால் வேலி போட வேண்டும் என்று விதி இருக்கிறது. வேலி இருக்கிற குழியை நீங்கள் தேடிப் பார்க்கலாம். கோடை விடுமுறை தோறும் இப்படி ஏதாவது ஒரு குழியில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரி வரும். மறுநாள் 'ஆபத்தான பகுதி, குளிக்கக் கூடாது' என்று ஒரு பலகை வரும். அந்தப் பிள்ளைகளின் தாத்தாக்கள் நீந்தப் பழகியது தோட்டத்துக் கிணற்றில். இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டி, படியில் நின்று பெரியவர் ஒருவர் தள்ளிவிடுவார். மேலே வந்து மூச்சு வாங்கும்வரை பார்த்துக்கொண்டும் நிற்பார். ஆழ்குழாய் ஆயிரம் அடியைத் தாண்டியபின் அந்தக் கிணறுகளில் தண்ணீரும் இல்லை, படியில் நிற்க ஆளும் இல்லை.

எனக்கு ஒரே போட்டி திருப்பூர் மாநகரக் குப்பை. அதுவும் பாறைக்குழிகளைத்தான் தேடி வருகிறது. ஊர்க்காரர்கள் லாரியை மறித்து உட்கார்ந்தால் அடுத்த குழிக்குப் போகிறது. ஆகவே என் விண்ணப்பத்தைச் சற்று விரைந்து பரிசீலித்தால் நல்லது. சுனையா, குப்பைமேடா என்பது எந்தக் கோப்பு முதலில் மேசையிலிருந்து எழுகிறது என்பதைப் பொறுத்தது.

ஆறு ஏன் கேட்கவில்லை என்று சந்தேகம் வரலாம். நொய்யலில் முன்பே அரசு ஒரு நீர்நிலையை அமைத்துப் பார்த்துவிட்டது. 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்குக் கட்டியது, சாயக்கழிவுக்குத் தொட்டியானது. 2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் கழிவைச் சுத்திகரித்துத் தண்ணீரைத் திரும்ப எடுப்பது நிஜமாகவே நடந்தது. இன்று திருப்பூர் அதைப் பெருமையாகப் பேசுகிறது, பேசலாம், உழைத்திருக்கிறார்கள். ஆனால் நதியைக் காப்போம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த டி-சர்ட்டை நான் தைத்தே கொடுத்திருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு நொய்யலில் இறங்க என்னிடம் சரக்கு வாங்குகிற எந்தப் பையரும் வழி கேட்டதில்லை.

கட்டண விவரம்: வெளியூர் விருந்தினருக்குக் கம்மங்கூழ், துண்டு, உயிர்காப்பு உடை, மேலே நின்று பார்த்துக்கொள்ள நீச்சல் தெரிந்த ஆள் எல்லாம் சேர்த்து முழுக்கட்டணம். பட்டறைப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பாதிக்கட்டணம் வைக்க நினைத்தேன். கூட்டம் சேர்ந்தால் சொகுசு போய்விடும் என்று விவரம் தெரிந்தவர்கள் தடுத்துவிட்டார்கள். ஆகவே அவர்களுக்குத் துண்டு மடித்துக் கொடுக்கிற வேலை தருவதாக உத்தேசம். குளிக்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கம்போல் பக்கத்துக் குழிக்குப் போகலாம். அதற்கு வேலியும் இல்லை, கட்டணமும் இல்லை.

ஆய்வுக்கு வரும் தேதியை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி ஜாப் ஒர்க்காரன்

இணைப்பு: 1. பாறைக்குழியின் புகைப்படம். 2. 'குளிக்கக் கூடாது' பலகையின் புகைப்படம். பலகையின் பின்பக்கம் காலியாக இருப்பதால், அனுமதி கிடைத்ததும் அதையே திருப்பி 'வருக வருக' என்று எழுதிக்கொள்கிறேன். அரசுக்குச் செலவு வேண்டாம்.