50 கேபிக்குள் அடக்கம்: ஒரு முன்னாய்வு

வங்கிப் பணித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ்-இன் விண்ணப்ப விதிப்படி மனித முகம் என்பது 200-க்கு 230 பிக்சல். 20 கேபிக்குக் குறையாதது, 50 கேபிக்கு மிகாதது. கையெழுத்துக்கு 10 முதல் 20. இடது பெருவிரல் ரேகைக்கு முகத்துக்குரிய அதே 20 முதல் 50. முகமும் கட்டைவிரலும் ஒரே எடை என்னும் இக்கோட்பாட்டை முன்னையோர் எவரும் ஆராயாமல் விட்டது வியப்பே. கைப்பட எழுதும் உறுதிமொழிக்கோ 50 முதல் 100. ஒருவர் கொடுக்கும் வாக்கு அவர் முகத்தைவிட இரு மடங்கு கனமுடையது என்பது இதனால் பெறப்படும்.

இவ்வளவுக்குள் அடக்கும் முறையில் நம்மிடையே மரபுகள் பல. வாட்ஸாப் மரபினர் படத்தைத் தம்பிக்கு அனுப்பி, அவனைத் திருப்பி அனுப்பச் சொல்வர். படம் சுருங்கிவிடும் என்பது இவர்கள் துணிபு, அது உண்மையே. எவ்வளவு சுருங்கும் என்பது மட்டும் இறைவன் சித்தம். ஜிப் மரபினர் ஜேபெக் படத்தை ஜிப் கோப்பில் இட்டுக் காத்திருப்பர். சக்கையை மறுபடி ஆலையில் விட்டுச் சாறு எதிர்பார்ப்பது இது. பிரவுசிங் சென்டர் மரபுக்குத் தத்துவம் கிடையாது. “அண்ணே, சைஸ் குறைச்சுக் குடுங்க” என்றால் போதும்.

மூன்று மரபினரும் ஓதும் மந்திரம் “தரம் குறையாமல்” என்பது. 1992-இல் தரநிலையான ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் கொசைன் அலைகளாக மாற்றி, கண் கவனிக்காத நுண்ணலைகளைக் கழித்துவிடுகிறது. வெளிச்சத்தில் கறாரான நம் கண் நிறத்தில் ஏமாளி. ஆகவே நிறத்தில் இன்னும் தாராளமாகக் கழிக்கும். தரம் குறையத்தான் செய்கிறது. குறைந்தது தெரிவதில்லை, அவ்வளவே. இந்தக் கொசைன் கணக்கை ஆராய 1972-இல் அமெரிக்க அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் குறைபட்டார், நிதி கிடைக்கவில்லை. 1974-இல் நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் அவர் அதை வெளியிட்டார். இன்று உலகின் திருமண ஆல்பம் எல்லாம் அந்த எளிமையில்தான் அடங்கியிருக்கிறது.

சான்றிதழ்களின் நிலை வேறு. ஒரு ஏ4 தாளை 300 டிபிஐ-யில் வண்ணமாக ஸ்கேன் செய்தால், சுருக்காத நிலையில் ஏறத்தாழ 26 எம்பி. அதையே வெறும் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் 1 எம்பி சொச்சம். ஃபேக்ஸ் காலத்துச் சுருக்க முறை அதை ஒரு புள்ளியும் இழக்காமல் சில பத்து கேபிக்குக் கொண்டுவந்துவிடும். ஆயினும் நம்மவர் காபிக் கறை உட்பட அனைத்தையும் வண்ணத்தில் எடுத்து, பிறகு எழுத்தே தெரியாத அளவுக்குக் கசக்குவர்.

மங்கலையாவது மன்னிக்கலாம், தான் மங்கல் என்பதை அது மறைப்பதில்லை. 2013-இல் டேவிட் க்ரீஸல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் கட்டட வரைபடத்தில் இருந்த எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டார். ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளுக்கு ஒரே அச்சைப் பயன்படுத்தி இடம் மிச்சம் பிடிக்கும் ஜேபிக்2 முறையால், 6 இருந்த இடத்தில் மிகத் தெளிவான 8 வந்து உட்கார்ந்தது. இச்செய்தி நம் மதிப்பெண் பட்டியல் வட்டாரங்களை எட்டாதது நல்லதே.

இனி, ஆய்வுலகம் புறக்கணித்த கீழெல்லை. விதிப்படி 200-க்கு 230 ஆக்கிச் சாதாரணத் தரத்தில் சேமித்தால், படம் பல நேரம் 20 கேபிக்குக் கீழே போய்விடும். அரும்பாடுபட்டு இளைத்தவரைப் போதிய எடை இல்லை என்று தளம் திருப்பி அனுப்பும். பரிகாரம் உண்டு. அதே படத்தைத் தர எண்ணை உச்சத்தில் வைத்து மறுபடி சேமித்தால் கேபி கூடும். தெளிவு ஒரு மயிரிழையும் கூடாது. தளம் மறுபேச்சின்றி ஏற்கும். பிரவுசிங் சென்டர் அண்ணன்கள் எந்த ஆய்வும் படிக்காமலே இதைச் செய்து வருகிறார்கள். குறைத்ததற்கு ஒரு கட்டணம், கூட்டியதற்கு இன்னொன்று.