வார்டனைக் கேட்டுச் சொல்கிறேன்

தமிழில் தட்ட இ-கலப்பையைப் போட விடமாட்டேன் என்கிறது புது லேப்டாப். நேற்று ராத்திரியிலிருந்து இதே பாட்டு. பாதுகாப்புக்காகச் சரிபார்த்து ஸ்டோரில் வைத்த ஆப்களை மட்டும்தான் ஓட்டுமாம். இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பேர் எஸ் மோட். என்.எச்.எம். ரைட்டரைக் காட்டினேன், அதற்கும் அதே முறைப்பு. கடைக்காரர் நிறம், எடை, இலவசப் பை எல்லாம் சொன்னார். எஸ் மோட் என்று ஒரு வார்த்தை? மூச்!

விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2019இல் ஃபொனெடிக்கும் சேர்த்தார்கள். என் விரல் இந்த வயதில் புதுசாக எதையும் கற்றுக்கொள்ளாது.

எஸ் மோடிலிருந்து வெளியேறலாமா, கூடாதா? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நரைத்த தலையைக் கொண்டுபோய் லேடீஸ் ஹாஸ்டலில் சேர்த்த கதையாக அல்லவா இருக்கிறது! எஸ் மோடுதான் வார்டன். குரோம் கேட்டில் வந்து நிற்கிறது.

“யாரு நீ? ஸ்டோர் லிஸ்ட்டுல பேர் இருக்கா?”

“இல்லீங்க. ஆனா ஊரெல்லாம் என்னைத் தெரியும்.”

“அதான் பயமே. பிரவுசர்தானே வேணும்? நம்ம எட்ஜ் தம்பி இருக்கான், அவனோட போகச் சொல்லு.”

எட்ஜ், வார்டனின் அக்கா மகன். எந்நேரமும் வரலாம், போகலாம். வரும்போது பிங்கையும் கூட்டிக்கொண்டு வருவான். கமாண்ட் ப்ராம்ப்ட்? சமையல்கட்டுப் பின்வாசல், பூட்டு. பவர்ஷெல்? மொட்டை மாடி. அங்கே உனக்கு என்ன வேலை? ரெஜிஸ்ட்ரி எடிட்டரா? அப்பாவுக்கு போன் போடட்டுமா?

காலி பண்ணுகிறேன் என்றால் மட்டும் வார்டனுக்கு வருத்தமே இல்லை. காசும் கேட்பதில்லை. போனால் போனதுதான், திரும்ப இடம் கிடையாது, மெஷினை ரீசெட் செய்தாலும் கிடையாது. அவ்வளவுதான் நிபந்தனை. எவன் திரும்பி வரப்போகிறான்? ஆனாலும் அதைப் படித்ததும் கை பின்வாங்குகிறது. கண்டதையும் இறக்கி டபுள் கிளிக் செய்கிற ஆட்கள்தானே நாம். 2017இல் இந்த எஸ் மோட் விண்டோஸ் 10 எஸ் என்ற பேரில் பள்ளிக்கூடங்களை நினைத்து வந்தது, பிள்ளைகளுக்குச் சரி. எனக்கும் சரியோ என்று ஒரு நிமிஷம் தோன்றியதுதான் எரிச்சல்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். அங்கே ‘கோ டு த ஸ்டோர்’ என்று அச்சு அசலாக இரண்டு. ஒன்று விடுதலை, மற்றொன்று காசு கொடுத்து ப்ரோ வாங்கும் இடம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, விடுதலையைப் பார்த்துத்தான் அழுத்தினேன். லாகின் கேட்டது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. குறியீடு அனுப்பியிருக்கிறார்களாம், எப்போதோ மூடிப்போன என் ஆபீஸ் ஈமெயிலுக்கு.