பெரியப்பாவின் பெஞ்சு: தட்டுமுட்டுச் சாமானியல் நோக்கில் ஓர் ஆய்வு

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் தங்கத்தைத்தான் எழுதினார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கரண்டு வந்தது. பெங்களூருக்கு அது வர இன்னும் 3 வருடம் ஆயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. ஏறத்தாழ 120 வருடத்தில் 800 டன் தங்கம் வெளியே போயிற்று. எல்லாம் சரி. ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் ஒரு சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் கிடந்த பெஞ்சைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அறிவுலகின் இந்த ஓட்டையை அடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள்: பெஞ்சு ஒன்று, பெட்டி ஒன்று. பெஞ்சு நாலரை அடி நீளம், 11 அங்குல அகலம், 17 அங்குல உயரம். விடிகாலையில் அது தேகப்பயிற்சி சாதனம்; காலை 8 மணிக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் இடம்; ராத்திரி, உயரம் குறைந்த விருந்தாளிக்குக் கட்டில். இந்த மூன்றில் எது அதன் உண்மையான பிறவி என்பதே நம் கேள்வி.

முன்னோடி ஆய்வுகளைச் சொல்லாவிட்டால் பேராசிரியர்கள் கோபிப்பார்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘அறைக்குதிரை’ என்று ஒரு நாற்காலி இருந்தது. தோல் இருக்கைக்குள் ஸ்பிரிங்குகளும் மரப்பலகைகளும். கனவான்கள் அதில் ஏறி உட்கார்ந்து, வீட்டை விட்டு நகராமல் குதிரைச் சவாரி செய்தார்கள். புகழ்பெற்ற தச்சுக்கலைஞர் தாமஸ் ஷெரட்டன் தன் மாதிரிப் புத்தகத்தில் அதற்குப் படமே போட்டிருக்கிறார். மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் லண்டன் வீட்டிலும் அப்படி ஒன்று உண்டு. நம் கர்லாக்கட்டையோ வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு கப்பலேறி, 1904லும் 1932லும் ஒலிம்பிக் பந்தயப் பொருளாகவே ஆனது. அதே கர்லாக்கட்டை உள்ளூரில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டில் எது பெரிய சேவை என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அறைக்குதிரைக்கு அறை வேண்டும். எங்கள் லைன் வீட்டில் இருந்தது ஒரே அறை. அதற்குள் ஆறு பேர். அங்கே நுழைகிற எந்தப் பொருளுக்கும் குறைந்தது இரண்டு வேலை தெரிந்திருக்க வேண்டும். ஒரே வேலை தெரிந்தவர் பெரியப்பா மட்டும்தான். சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை.

இங்கே இக்கட்டுரையின் மையக் கருதுகோளை வைக்கிறேன். சுரங்கக் கேஜில் இறங்கி, 60 டிகிரிக்கு மேல் சுடும் பாறைக்கு நடுவே ஷிப்டு முடித்து வந்தவர் யாரும் வீட்டில் தண்டால் எடுத்ததாகச் சான்றில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பெஞ்சு பிறந்தது அதே வருடம் ஏப்ரலில். சம்பளம் கொடுத்து வளைத்த உடம்பை, சம்பளம் நின்றதும் அவரே வளைக்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு வீட்டை வைத்து எடுத்த முடிவு என்பதால் இதை மறுக்கவும் முடியாது.

பெஞ்சு செய்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். சட்டத்துக்கு நீலகிரி மரம், அதாவது தைலமரம். எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே கிடையாது. திப்பு சுல்தான் காலத்தில் நந்தி மலையில் நட்டதிலிருந்து வந்த வினை என்பார்கள். காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும் சாதி. மூன்று வாரம் கட்டிலுக்கு அடியில் போட்டு, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்தார். ஆணி ஒன்றுகூட இல்லை. காலில் கழுந்து செதுக்கி, பலகையில் துளை போட்டு, சுத்தியால் தட்டி இறக்கினார். “ஆணி பேசாது. மரம் பேசும்” என்பார். பாறை அழுத்தம் கூடும்போது முட்டுமரம் முனகுவதைக் கேட்டே பழகிய காது.

பெஞ்சில் படுத்துத் தூக்க வேண்டிய எடையில்தான் சிக்கல் வந்தது. மரத்தில் எடைக்கட்டை செய்வது எளிதல்ல. ஒரு லிட்டர் கன அளவுள்ள தேக்கு முக்கால் கிலோகூட வராது. அதே அளவு இரும்பு ஏழே முக்கால் கிலோ. 5 கிலோவுக்கு மரக்கட்டை செய்தால் அது தண்ணீர்க் குடம் அளவுக்கு வீங்கிவிடும். எனவே ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அடி உயரத்தில் மூடிபோட்ட பெட்டி செய்து, இரு பக்கமும் தாம்புக்கயிறு மாட்டினார். உள்ளே சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண்ணை நிரப்பலாம் என்றதும் பெரியம்மா வாசலில் நின்று தடை உத்தரவு பிறப்பித்தார். கடைசியில் சமரசமாக நிரப்பியது ராகி. நிரம்பினால் 20 கிலோ சொச்சம். மூடியைப் போட்டால் மணை.

இதன் விளைவை உலக உடற்பயிற்சி இயல் இன்னும் கவனிக்கவில்லை. கிரேக்கத்து மல்லன் மைலோ கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கினானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்ததாம். பெரியப்பாவின் கன்று தேய்பிறைக் கன்று. முதல் தேதி வாக்கில் இரண்டு தடவை தூக்கியதும் மூச்சு வாங்கும். நாள் ஒன்றுக்கு முக்கால் கிலோ களியாகிப் போக, 25ஆம் தேதிக்கு ஒற்றைக் கையால் நாற்பது தடவை தூக்குவார். அதைத் தன் பலம் என்று நம்பினார்.

“இதுல படுத்துகினு பெட்டிய தூக்கினா என்னாங்க வரும்?” என்று பெரியம்மா ஒருநாள் கேட்டார்.

“ஒடம்பு வரும்.”

“வேல வருமா?”

பெரியப்பா பெட்டியை இறக்கி வைத்தார். அடுத்த மாதம் மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயில் பிடித்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே காவல் காத்து, நின்றுகொண்டே திரும்பினார். பெஞ்சின் தேகப்பயிற்சிப் பருவம் அத்தோடு முடிந்தது. அதன் மேல் இப்போது டிவி இருக்கிறது. கழுந்து இன்னும் ஆடவில்லை.

லைன் வீடுகளில் இதுபோன்ற பெஞ்சோ பெட்டியோ வைத்திருப்பவர்கள் நீளம், அகலம், உயரம் அளந்து எழுதி வைக்க வேண்டுகிறேன். எடை போட்டால், அன்றைக்குத் தேதி என்ன, பெட்டியில் ராகி எவ்வளவு இருந்தது என்பதையும் தவறாமல் குறிக்கவும்.