விசில் சாயும் பக்கம்

இத்தாலியக் கால்பந்தை ஆராய்வோர் ஆட்டக்காரர், பயிற்சியாளர், கழக உரிமையாளர், நடுவர் என நால்வகையினரைக் கணக்கில் கொள்வது வழக்கம். ஆனால் மைதானத்தில் கால் வைக்காமலும் ஆட்டத்தை விட்டு அகலாமலும், ரோம் நகரின் டெஸ்டாச்சோ பகுதியில் ஏதேனும் ஒரு காப்பிக் கடையின் முகப்பில் முழங்கை ஊன்றி நின்று, நடுவர் அளித்த தீர்ப்புகளுக்கெல்லாம் மேல்முறையீட்டு மன்றமாக விளங்கும் ஐந்தாம் வகையினர் ஒருவரை விட்டுவிட்டால் அந்த ஆய்வு நிறைவு பெறாது. இவர் ஏ.எஸ். ரோமா கழகத்தின் ரசிகர். அகவை ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டது. தொழில் எதுவாகவும் இருக்கலாம். திங்கட்கிழமைகளில் தொண்டை கட்டியிருக்கும். நடுவர்கள் பெரிய கழகங்களுக்கு, அதிலும் குறிப்பாக டூரின் நகரத்து யுவென்டசுக்கு, சாய்ந்து விசில் ஊதுகிறார்கள் என்பதை இவரது கொள்கை என்று சொல்வது பொருந்தாது. கொள்கை என்றால் மறுப்பதற்கு இடம் இருக்க வேண்டும், இவரிடம் இருப்பதோ நேற்று மழை பெய்தது என்பதைப் போன்ற ஓர் அறிவு.

இந்த அறிவுக்கு இத்தாலியில் கௌரவமான ஒரு கலைச்சொல்லும் உண்டு. ‘சுதித்தான்சா சிக்கொலோஜிகா’ என்பார்கள். பெரியவர் முன்னிலையில் சிறியவரின் மனம் தானாகவே பணிந்துபோகும் நிலையை அது குறிக்கும். நடுவர் பணம் வாங்கினார் என்று சொன்னால் சான்று காட்ட வேண்டியிருக்கும், அவதூறு வழக்கும் வரக்கூடும்; நடுவரின் மனம் அவரறியாமலே பணிந்தது என்று சொல்லிவிட்டாலோ, அந்த நடுவரே வந்து சத்தியம் செய்தாலும், அவருக்குத்தான் தெரியாதே என்று புன்னகையோடு முடித்துவிடலாம். 1923-இல் எதோர்தோ அன்யெல்லி தலைமை ஏற்றது முதல் யுவென்டஸ், ஃபியட் கார் நிறுவனத்தை நிறுவிய அன்யெல்லி குடும்பத்தோடு பிணைந்திருப்பதால், நடுவர் எந்தக் காரில் வந்து இறங்கினார் என்பதைக்கூட நம் ரசிகர் சான்றுப் பட்டியலில் சேர்ப்பதுண்டு. அவர் தாமும் ஃபியட் காரில்தான் மைதானத்துக்கு வந்தார் என்பது வேறு செய்தி.

இவரது நாட்காட்டி 1981 மே 10-ஆம் நாளில் தொடங்குகிறது. பட்டத்துக்குப் போட்டியிட்ட யுவென்டசும் ரோமாவும் டூரினில் மோதிய அன்று, ரோமாவின் தடுப்பாட்டக்காரர் மவுரித்சியோ டூரோனே தலையால் முட்டி அடித்த கோல், ஆஃப்சைடு, அதாவது பந்து தம்மை நோக்கி அனுப்பப்பட்ட கணத்தில் ஆட்டக்காரர் எதிரணியின் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்றார் என்னும் காரணத்தால், கோட்டு நடுவரின் கொடியசைவில் தள்ளுபடி ஆயிற்று. ஆட்டம் 0-0 என முடிந்தது. பருவத்தின் இறுதியில் யுவென்டஸ் 44 புள்ளிகளும் ரோமா 42 புள்ளிகளும் பெற்றிருந்தன. டூரோனே நின்றது முன்னாலா பின்னாலா என்னும் ஆராய்ச்சி அன்று தொடங்கி இன்றும் முடியவில்லை; 2022-இல் இதற்கென்றே ஓர் ஆவணப்படம் வெளிவந்தது. நம் ரசிகரைக் கேட்டால், காப்பிக் கோப்பையை எதிரணித் தடுப்பாளராகவும், சர்க்கரைப் பொட்டலத்தைக் கோட்டு நடுவராகவும், கரண்டியை டூரோனேயாகவும் நிறுத்தி, கரண்டி பின்னால்தான் இருந்தது என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவிவிடுவார். கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு அக்கடையில் மறுமுறை மரியாதை கிடைக்காது.

அந்த ஆட்டத்தின் நடுவர் லிவோர்னோ நகரைச் சேர்ந்த பாவ்லோ பெர்காமோ. இத்தாலியில் நடுவரின் பெயரை அவரது ஊர்க்கிளையின் பெயரோடு சேர்த்துச் சொல்வது மரபாதலால், ஊர் என்பது இவ்வகையினருக்கு ஒரு துப்பு. 1998 ஏப்ரல் 26 அன்று யுவென்டசும் இன்டர் மிலானும் மோதிய ஆட்டத்தில், யுவென்டஸ் தடுப்பாளர் யூலியானோ பெனால்டி எல்லைக்குள் ரொனால்டோவை மோதி வீழ்த்தியும் பெனால்டி தராமல், ஒரு நிமிடம் கழிவதற்குள் மறுமுனையில் யுவென்டசுக்குப் பெனால்டி வழங்கிய நடுவர் பியெரோ செக்கரினியும் அதே லிவோர்னோ! அந்தப் பெனால்டியை இன்டரின் கோல்காவலர் தடுத்துவிட்டார் என்பதும், ஆட்டத்தின் ஒரே கோல் அதற்கு முன்பே விழுந்துவிட்டது என்பதும் ரசிகரின் உரையில் இடம்பெறா. அந்தத் தீர்ப்பைப் பற்றிய வாக்குவாதம் நாடாளுமன்றம் வரை சென்று, உறுப்பினர் இருவர் கைகலக்கும் நிலை வந்து அமர்வே நிறுத்தப்பட்டது என்பது மட்டும் தவறாமல் இடம்பெறும். இரண்டு ஆட்டங்களுக்கு இடையே பதினேழு ஆண்டு இடைவெளி இருப்பதும், லிவோர்னோ ஒரு பெரிய துறைமுக நகரம் என்பதும் அவருக்குத் தடையாவதில்லை.

குற்றங்காணும் கலையில் இவரை நக்கீரர் மரபினர் என்று சொல்லத் தோன்றும். ஆயினும் நக்கீரர் தமக்கு வேண்டிய கடவுளிடமே குற்றம் கண்டவர், நம் ரசிகரோ தம் அணிக்கு நேர்ந்த நன்மையில் குற்றம் கண்டதாக வரலாறே இல்லை. 2001 மே மாதத் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாட்டவரில் ஓர் அணி எத்தனை பேரை ஆட்டத்துக்குச் சேர்க்கலாம் என்னும் வரம்பு பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டது. சில நாள் கழித்து, டூரினில் 0-2 எனப் பின்தங்கியிருந்த ரோமாவுக்காக, அந்த நீக்கத்தால் களமிறங்க முடிந்த ஜப்பானியர் நகாட்டா ஒரு கோல் அடித்ததோடு, கடைசி நிமிடச் சமநிலைக் கோலுக்கும் அவருடைய உதையே வழிவகுத்தது. அவ்வாண்டு ரோமா 75 புள்ளிகள், யுவென்டஸ் 73. இரண்டே புள்ளி வேறுபாட்டில் கைநழுவிய 1981-ஐ நாற்பதாண்டு காலம் அழுபவர், இரண்டே புள்ளி வேறுபாட்டில் கைக்கு வந்த 2001-ஐ விதி என்றும் கடவுள் என்றும் ஃபாபியோ கப்பெல்லோவின் பயிற்சித் திறன் என்றும் விளக்குவார். 2012 பிப்ரவரியில் ஏசி மிலானின் முந்தாரி முட்டிய பந்து யுவென்டசின் கோல்கோட்டை முழுதாகக் கடந்தும் கோல் மறுக்கப்பட்டதைச் சொல்லிக் கண்கலங்குவார். அதே ஆட்டத்தில் யுவென்டசின் மாத்ரி அடித்த செல்லத்தக்க கோல் ஒன்றும் தவறாக ஆஃப்சைடு ஆக்கப்பட்டதே என்றால், காப்பிக்குக் காசு கொடுக்க எழுந்து போவார்.

எண்களிலும் இவருக்குப் பயிற்சி உண்டு. யுவென்டசுக்குக் கிடைத்த பெனால்டிகளையும் சிறு அணி ஒன்றுக்குக் கிடைத்தவற்றையும் தாளில் அருகருகே எழுதி, வேறுபாட்டின் அடியில் இருமுறை கோடிடுவார். வலுவான அணி எதிரணியின் பெனால்டி எல்லைக்குள் அதிக நேரம் பந்தை வைத்திருக்கும். அங்கே அதிக நேரம் இருக்கும் காலே அங்கே அதிகம் தட்டிவிடப்படும். ஆகவே நடுவர் தூய தராசாக இருந்தாலும் பெரிய கழகத்தின் கணக்கில் பெனால்டி கூடவே சேரும். இந்த எளிய விளக்கத்தை அவர் ஏற்கும் காலம் ஒன்றுண்டு: ரோமாவுக்குப் பெனால்டி குவிந்த பருவங்களில் இதை அவரே பிறருக்கு விளக்குவார்.

இத்தகையவரின் வாழ்க்கையில் நிகழ்ந்த பேரிடர், அவர் சொன்னது உண்மையாகிப்போனதுதான். 2006-இல் வெளிப்பட்ட ‘கால்சோபொலி’ ஊழலில், யுவென்டசின் பொது மேலாளர் லுச்சானோ மோஜி, எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று ஒதுக்கும் பொறுப்பிலிருந்தோருடன் நடத்திய தொலைபேசி உரையாடல்கள் அம்பலமாயின. அவ்வாறு ஒதுக்கியவருள் ஒருவர் 1981-இன் அதே பாவ்லோ பெர்காமோ. ஜூலை 9 அன்று பெர்லினில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது, ஜூலை 14 அன்று யுவென்டஸ் இரண்டாம் நிலைத் தொடருக்குத் தள்ளப்பட்டது, இரண்டு பட்டங்கள் பறிபோயின. கால் நூற்றாண்டுக் காலம் கரண்டியையும் கோப்பையையும் வைத்து வாதாடியவர் அந்த ஒரு வாரம் ஊரில் தலைநிமிர்ந்து நடந்தார். நியாயமாகப் பார்த்தால் அவர் அத்துடன் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். ஆனால் யுவென்டசே இல்லாத 2006-07 பருவம் வந்தது. ரோமா இரண்டாம் இடம் பெற்றது. முதலிடம் பெற்ற இன்டருக்கும் ரோமாவுக்கும் இடையே இருந்தது 22 புள்ளிகள். இருபத்திரண்டு புள்ளியை எந்தக் கோட்டு நடுவரின் கொடியாலும் மறைக்க முடியாதென்பதால் அவ்வாண்டு முழுவதும் அவர் பேச்சற்றுத் திரிந்ததும், யுவென்டஸ் மறுபருவம் முதல்நிலைத் தொடருக்குத் திரும்பியபோது முகத்தில் களை கட்டியதும் அக்கடைக்காரர்கள் அறிந்தவை. டூரினிலும் இவருக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடலாம்: அதிகாரக் கணக்கு யுவென்டசின் பட்டங்களை 36 என்க, பறிபோன இரண்டையும் சேர்த்து 38 என்று எண்ணும் அவர், நடுவர்களும் நீதிபதிகளும் நாடு முழுவதும் தமக்கு எதிராகவே சாய்ந்தவர்கள் என்பதில் அசையாத உறுதி உடையவர்.

நடுவர்கள் சாய்வதே இல்லையா என்றால், சாய்கிறார்கள். லிவர்பூல், லெஸ்டர் அணிகள் மோதிய ஆட்டத்தின் ஒளிப்பதிவை நாற்பது நடுவர்களுக்குக் காட்டி, ஒரு பகுதியினருக்கு மட்டும் கூட்டத்தின் இரைச்சலையும் கேட்கவிட்டு 2002-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், இரைச்சலைக் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிமீது குறைவான குற்றங்களையே கண்டனர். ஸ்பெயினில் சொந்த அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது, தாமதங்களுக்கு ஈடாகச் சேர்க்கப்படும் இறுதி நிமிடங்கள் நீள்வதும், அது முன்னணியில் இருந்தால் அவை சுருங்குவதும் அளந்து காட்டப்பட்டுள்ளன. இத்தாலியில் 2007 பிப்ரவரியில் கத்தானியா நகரக் கலவரத்தில் காவல் அலுவலர் ஒருவர் உயிரிழந்த பின், பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றாத மைதானங்களில் பார்வையாளரின்றி ஆட்டங்கள் நடந்தன. அவற்றை ஆராய்ந்த சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் இருவர், கூட்டம் இருந்தால் வெளியூர் அணியைக் கடிந்தும் உள்ளூர் அணியைத் தடவியும் நடக்கும் நடுவர்கள், கூட்டம் இல்லாதபோது அவ்வளவாக அப்படி நடப்பதில்லை என்று கண்டனர். ஆக, நடுவரின் மனத்தை வளைக்கும் மறைசக்தி டூரின் அலுவலகத்தில் ஒளிந்திருக்கவில்லை. ரோமாவின் ஒலிம்பிக்கோ மைதானத்தின் தெற்குப் படிக்கட்டில் கழுத்துத் துண்டோடு நின்று கத்திக்கொண்டிருக்கிறது. பெரிய கழகத்துக்குக் கூட்டமும் பெரிது என்பதால் சலுகையும் சற்றுப் பெரிதாகலாம் என்பது நம் ரசிகருக்குச் சாதகமான வாதம்தான். ஆனால் அதை ஏற்றால் தம் தொண்டையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டிவரும் என்பதால் அதை அவர் பயன்படுத்துவதில்லை. ஓடுதளம் சுற்றியமைந்த மைதானங்களில், கூட்டம் தொலைவில் இருப்பதால், இச்சாய்வு குறைகிறது என்று ஜெர்மனியில் கண்டறியப்பட்டதை மட்டும் ஒருமுறை ஆர்வத்தோடு கேட்டார். ஒலிம்பிக்கோவில் ஓடுதளம் இருக்கிறது, ஆகவே அதை அங்கே அமைத்ததும் சதியே.

எல்லாவற்றையும் தீர்க்கும் மருந்து படச்சான்று என்று இவர் நெடுங்காலம் நம்பினார். 1967-இல் மிலான் நகர அணிகள் இரண்டும் மோதிய ஆட்டத்தின் ஐயத்துக்குரிய கோலை அரசுத் தொலைக்காட்சி மெதுவோட்டத்தில் காட்டியது முதல், ‘மோவியோலா’ எனப்படும் அந்த மறுகாட்சி இத்தாலியர்க்கு ஞாயிறு இரவுச் சடங்காயிற்று. அதை மைதானத்துக்கே கொண்டுவர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் முழங்கிய தொலைக்காட்சியாளர் ஆல்தோ பிஸ்கார்தி, காணொளி உதவி நடுவர் முறையான ‘வார்’ 2017-18 பருவத்தில் இத்தாலியில் நடைமுறைக்கு வந்ததைக் கண்டுவிட்டு, அந்த அக்டோபரிலேயே மறைந்தார். கோப்பையும் கரண்டியும் வேண்டாத காலம் பிறந்துவிட்டது என்று கடைக்காரரும் மகிழ்ந்தார். எனினும் திரையைப் பார்ப்பவரும் மனிதரே என்பதையும், திரையைப் பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவரும் மனிதரே என்பதையும் நம் ரசிகர் முதல் மாதத்திலேயே கண்டுகொண்டார். 2023-இல் புடாபெஸ்ட் நகரில் செவியாவிடம் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தை ரோமா இழந்தபின், ஆங்கில நடுவர் ஆன்டனி டெய்லரையும் அவர் குடும்பத்தாரையும் விமான நிலையத்தில் ரோமா ரசிகர் சிலர் சூழ்ந்து தாக்க முற்பட்டது இவ்வகையின் நகைப்புக்குரிய பக்கம் அன்று. அதைக் கண்டிக்கிறேன் என்று நம்மவர் சொன்னார், சொல்லிவிட்டு ‘ஆனால்’ என்று தொடங்கினார்.

2021 முதல் முதல்நிலை ஆட்டங்களின் காணொளி நடுவர்கள் மைதானங்களில் அன்றி, மிலானுக்கு வடக்கே லிசோனே என்னும் ஊரில் உள்ள ஒரே மையத்தில் அமர்ந்து திரைகளைப் பார்க்கிறார்கள். இச்செய்தியைக் கேட்ட நாள் முதல் அவரது சட்டைப்பையில் ஒரு சாலை வரைபடம் இருக்கிறது. லிசோனேயிலிருந்து டூரின் இரண்டு மணி நேரப் பயணம்கூட இல்லை, ரோமோ ஏறத்தாழ 600 கிலோமீட்டர் என்பதை அதில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறார்.