எர்த் சித்தாந்தம்: ஸ்டாண்டர்டு ஹெரால்டை முன்வைத்து ஓர் ஆய்வு

சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாக நடப்பதை அறிஞர் அறிவர். முதலில் பிறர் மதம் மறுத்து, அதன்பின் தன் மதம் நிறுவும். பழைய கார்களின் மின்கோளாறு பற்றி எழுதப் புகுவோர்க்கும் இம்முறையே உகந்தது. இத்துறையிலும் மதங்கள் பல. பெரும்பாலானவை செலவு வைப்பவை.

ஆய்வுக்குக் கொண்ட மூலபாடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் இப்பெயரோடு உற்பத்தியானது. அடியில் தனிச் சேஸிஸ். அதன்மேல் துண்டுதுண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டிய பாடி. எஞ்சின் உட்கார்ந்திருப்பதோ ரப்பர் மவுண்டிங்மேல். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் சாயும். எந்த உறுப்பும் இன்னோர் உறுப்போடு ஒட்டாமல் வாழ இவ்வளவு வசதி செய்து கொடுத்த வண்டி வேறில்லை. கரண்டு பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த்தை ஆய்பவனுக்குப் பெரும் பாக்கியம்.

முதலில் பரபக்கம்.

பேட்டரி மதத்தார்: சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம். “பேட்டரி டவுன் சார்” என்பது இவர்களின் மூலமந்திரம். புதுப் பேட்டரி வாங்கிப் போட்டதும் வண்டி கிளம்பிவிடும். அதன் தெம்பு எர்த்தின் குறையைக் கொஞ்ச நாள் மூடிவைக்கும் என்பதை இவர்கள் ஏற்பதில்லை.

செல்ப் மதத்தார்: ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மேசைமேல் வைத்துக் கரண்டு கொடுக்கிறார்கள், சுற்றுகிறது. வண்டியில் மாட்டினால் சுற்றவில்லை. எனவே மோட்டார் ‘விட்டுவிட்டுக் கெடுகிறது’ என்று துணிகிறார்கள். மேசைமேல் எர்த் ஒயரை மோட்டார் உடம்பிலேயே கவ்வவிட்டதை மறந்துவிடுகிறார்கள்.

லூகாஸ் மதம் இங்கிலாந்தில் தோன்றியது. கார் மின்சாதனக் கம்பெனிக்குப் பெயர் தந்த ஜோசப் லூகாஸை ‘இருளின் இளவரசர்’ என்று அங்கே கேலி செய்வது வழக்கம். பர்மிங்காமில் சைக்கிள்களுக்கு எண்ணெய் விளக்கு செய்து பேர் வாங்கிய அம்மனிதர் 1902-இலேயே காலமாகிவிட்டார். ஹெரால்டின் ஹெட்லைட் மங்கலுக்கு அவரைக் கூண்டில் ஏற்றுவது தர்மமன்று.

இனிச் சுபக்கம்.

போகிற கரண்டுக்கு நடக்கும் உபசாரத்தைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து கிளம்புகையில் பழுப்பு ஒயர், ஹெட்லைட்டுக்கு நீலம், பார்க்கிங்குக்குச் சிவப்பு. வழிநெடுகச் சுவிட்சுகள். திரும்பி வரும் கரண்டுக்கு ஒரு முழக் கறுப்பு ஒயரும் துருவேறிய ஸ்க்ரூவும்தான். மீதியைத் தகரம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். போனது எவ்வளவோ அவ்வளவும் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழி குறுகினால் போகும் வழியிலும் ஓட்டம் குறையும். ஆகவே கோளாற்றை வரும் வழியில் தேடுக என்பதே நம் சித்தாந்தம்.

அறியும் வழிகளாகிய அளவைகளுள் காட்சி இங்கே ஏமாற்றும். டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிவதைக் காட்டி “எர்த் நல்லாருக்கு” என்பார்கள். 21 வாட் பல்பு இழுப்பது இரண்டு ஆம்பியருக்கும் குறைவு. எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. செல்ப் 200 ஆம்பியர் கேட்கும்போது அதே தடை 2 வோல்ட்டை விழுங்கும். 400 வாட் ஒரே போல்ட்டில் சூடாகத் தீரும். மல்டிமீட்டரின் ஓம் அளவும் உதவாது, அதன் ஒயர்களின் தடையே இதைவிட அதிகம். காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி அகப்பட்டான். (எர்த் கம்பம் எதுவென்று முதலில் பார்த்துக்கொள்க. அக்கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவைத்தான் பாடியில் கட்டினார்கள். இதை மறந்து மாட்டிய ரேடியோ அன்றே சிவலோகம் சேரும்.)

கருதல் அளவைக்குப் பின்விளக்கே சான்று. பிரேக்கை மிதித்தால் டாஷ்போர்டு விளக்கு மினுங்குகிறதா? பின்விளக்கின் எர்த் அறுந்து, பிரேக் கரண்டு பார்க்கிங் இழை வழியாகப் பின்னோக்கி ஓடி, வேறு பல்புகளின் எர்த்தைத் தேடிப் போகிறது என்று கருதுக. எஞ்சினின் எர்த் பட்டையே அறுந்தாலோ, செல்ப் கரண்டு சோக் கேபிளில் பாயும். சோக் குமிழைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், புகையே சொல்லும்.

இந்நோய் மிகுதியாகத் தாக்குவது புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டிகளைத்தான் என்பது இத்துறையின் பெரும் முரண். துருவோடு எரிந்துகொண்டிருந்த விளக்கு கண்ணாடிப் பளபளப்பில் அணைந்துவிடுகிறது, எர்த் போல்ட்டின் அடியிலும் அருமையான பெயிண்ட். உப்புத்தாளால் தகரம் மின்னும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் பூசுக. பளபளப்புக்குப் பணம் கொடுத்தவர் அருகில் இல்லாத வேளையில் செய்வது நலம்.

எஞ்சியிருப்பது ஹாரன். ஹெரால்டின் ஸ்டியரிங் தண்டின் நடுவே ரப்பர் இணைப்பு ஒன்று உண்டு. ஹாரனின் எர்த் அதைத் தாண்டிச் செல்ல ஒரு குட்டி ஒயர் போட்டிருப்பார்கள். ஒயர் அறுந்தால் ஹாரன் ஊமை. இதை மறுக்கும் ஹாரன் மதத்தார் அண்மையில் தலையெடுத்து, கூடுதல் ஆம்பியர் இழுக்கும் இரட்டை ஹாரன் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். முட்டுச்சந்தில் எருமை நிற்கும்போது கதவைத் தட்டி ஓட்டுகிறார்கள்.