சீட்டை இறக்கினால் சரியாகிவிடும்

"சாருக்கா மேடம்?" என்று கேட்ட சைக்கிள் கடைப் பையன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு ரோடு பைக் பிரேம் ஏன் பொருந்துவதில்லை என்பதையும் கையோடு சொல்லிவிடுகிறேன். சென்னை ஈசிஆரில் சைக்கிள் மிதிப்பவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

சார், என் கைப்பையைப் பிடித்துக்கொள்ள வந்தவர். கடைசியாக அவர் சைக்கிள் மிதித்தது பிளஸ் டூ டியூஷனுக்கு. பையன் அவரை நைசாக ஒரு 54 சைஸ் கார்பன் வண்டியில் ஏற்றிவிட்டான். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. முழங்கை லேசாக மடங்கி, முதுகு அழகாகச் சாய்ந்து, நான் யூடியூபில் பார்த்துப் பார்த்து ஏங்கிய அதே போஸ். இறங்கி வந்து, "ஏம்மா, இதுல ஸ்டாண்டே இல்லையே?" என்றார். இந்த மனிதருக்காகத்தான் உலகம் முழுக்கத் தொழிற்சாலைகள் ராப்பகலாகப் பிரேம் செய்துகொண்டிருக்கின்றன.

அடுத்து நான். கடையிலேயே சின்ன சைஸ் 52. அதன் டாப் டியூப் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர். என் கால் உள்ளளவு 70. காகிதத்தில் பார்த்தால் ஐந்து சென்டிமீட்டர் ஒன்றும் பெரிய விஷயமில்லை. அந்த ஐந்து எந்த இடத்தில் வருகிறது என்று யோசித்தால் பெரிய விஷயம். கட்டைவிரல் நுனியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையன் சுற்றிவந்து பார்த்தான். சொன்னான்.

"சீட்டை இறக்கிடலாம் மேடம்."

சீட்டை இறக்கினால் டாப் டியூப் இறங்காது. ஹேண்டில் பார் பெரிதாகப் பக்கத்தில் வந்துவிடாது. இது உங்களுக்கும் தெரியும், அந்தப் பையனுக்கும் தெரியும். இருந்தாலும் அவன் சொன்னதையே முதலாளியும் வந்து சொன்னார், இன்னும் மரியாதையாக.

அவர்களைச் சொல்லி என்ன பயன்? அண்ணன் மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன வண்டியை ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து நான் கேட்பது இது ஒன்றைத்தான். ஞாயிற்றுக்கிழமை குரூப்பின் மூத்தவர்தான் முதலில் சீட்டை இறக்கச் சொன்னார் (எல்லா குரூப்பிலும் இப்படி ஒருவர் உண்டு, உங்கள் குரூப்பில் அது நீங்களாகவே இருக்கலாம்). இறக்கினேன். முட்டி வலித்தது. அவரே ஏற்றச் சொன்னார். ஏற்றினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. முன்னால் தள்ளச் சொன்னார் ஒரு சாஃப்ட்வேர்க்காரர். தள்ளினேன், உள்ளங்கை மரத்தது. பின்னால் இழுக்கச் சொன்னார் ஒரு பல் டாக்டர்; இழுத்தேன், கழுத்து போயிற்று. சீட் மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்துவிடுங்கள் அக்கா என்றான் காலேஜ் பையன் ஒருவன். சாய்த்ததும் முட்டுக்காடு வரைக்கும் சறுக்கிக்கொண்டே போனேன். கோவளத்து டீக்கடை அண்ணன் கிளாஸை நீட்டிக்கொண்டே, "சீட்டு ஒசரமா இருக்கும்மா" என்றார். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் நான் ஏறுவதைப் பார்க்கவே சகிக்காமல் ஒரு நாள் ஸ்பானரோடு வந்துவிட்டார். பிசியோதெரபிஸ்ட் வண்டியை நேரில் பார்க்காமலே இறக்கச் சொன்னார். நெஞ்சு எரிகிறது என்று மாமியாரிடம் சொன்னேன். வெந்தயம் போட்ட மோரை நீட்டியவர், "எதுக்கும் அந்த சைக்கிள் சீட்டைக் கொஞ்சம் இறக்கிப் பாரேன்" என்றார்.

இப்போது என் சீட் போஸ்ட் முழுக்க வெவ்வேறு உயரத்தில் வெள்ளை மார்க்கர் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் யோசனை சொன்னவரின் முதல் எழுத்து. சில எழுத்துகள் இரண்டு இடத்தில் இருக்கின்றன.

சின்ன பிரேம் ஏன் சின்னதாக இருப்பதில்லை என்பதை நான் விசாரிக்காமல் இல்லை. எக்செல் ஷீட்டே வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், உங்களிடமும் இருக்கிறது. கோளாறு சக்கரத்தில். ஆறடி ஆளுக்கும் 700 சி, எனக்கும் 700 சி. பிரேமைச் சுருக்கினால், வளைவில் திரும்பும்போது கால்விரல் முன் டயரில் இடிக்கும். இடிக்காமலிருக்க ஹெட் டியூபைச் சாய்த்துச் சக்கரத்தை முன்னால் தள்ளுகிறார்கள். அட்டவணையில் டாப் டியூப் குட்டையாகத் தெரிய வேண்டுமே, அதற்கு சீட் டியூபை நிமிர்த்திவிடுகிறார்கள். நிமிர்த்தியதும் சீட் முன்னால் வந்துவிடும். முட்டிக்காக நாம் அதைப் பின்னால் தள்ளுவோம். அவர்கள் குறைத்துக் கொடுத்த நீளம் சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். 54-லிருந்து 48-க்கு இறங்கினாலும் பல வண்டிகளில் ரீச் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான் குறைகிறது. மிச்சமெல்லாம் ஸ்டிக்கர்.

இதற்கு வழி தெரியாமலும் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜீனா டெர்ரி என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர் 1985-லேயே கம்பெனி ஆரம்பித்து, முன்னால் 24 அங்குலம், பின்னால் 700 சி என்று சக்கரம் மாட்டிப் பெண்களுக்கு ரோடு பைக் விற்றார். கேன்யன் கம்பெனி தன் மிகச் சின்ன சைஸ்களில் இரண்டு பக்கமும் 650 பி சக்கரம் போட்டது. சக்கரத்தைச் சின்னதாக்கு, அவ்வளவுதான் சூட்சுமம். டெர்ரி கதையைக் கடைப் பையனிடம் ஆர்வமாகச் சொன்னேன். "பின் சக்கரம் பெருசா இருந்தா எப்பவும் இறக்கத்துல போற ஃபீல் வரும்ல மேடம்?" என்றான்.

இவர்களைவிட எங்கள் ஊர் வாடகை சைக்கிள் கடைக்காரர் தேவலாம். கால் சைக்கிள், அரை சைக்கிள், முக்கால் சைக்கிள், முழு சைக்கிள் என்று வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார். மூக்கொழுகும் பிள்ளையை ஒரு பார்வை பார்த்து, எதைக் கொடுக்க வேண்டுமோ அதைக் கொடுப்பார். அரை சைக்கிள் கிடைக்காத அன்றைக்குத்தான் அப்பா வண்டியில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல். மூன்று லட்சம் ரூபாய் விலை சொல்லும் ஏசி கடையில், நாற்பது வயதுக்கு மேல், எனக்கு மிச்சமிருப்பதும் அந்தக் குரங்குப் பெடல்தான்.

நடுவில் 'பெண்களுக்கான பிரேம்' என்று ஒரு காலம் வந்து போனது. ஜயண்ட் கம்பெனியின் லிவ் இன்னும் தனியாகச் செய்கிறது. ஸ்பெஷலைஸ்ட் மலைமலையாக ஃபிட்டிங் அளவுகளை அலசிவிட்டு, ஆண் பெண் வித்தியாசத்தைவிட ஆளுக்கு ஆள் வித்தியாசம்தான் பெரிது, தனி பிரேம் தேவையில்லை என்று முடிவுகட்டியது. நியாயமான பேச்சு. நானே கைதட்டுவேன். ஆனால் நம் கடைகளுக்கு அந்த நியாயம் வந்து சேர்ந்த விதத்தைப் பாருங்கள். "முன்னாடி லேடீஸ் மாடல்னு ஒண்ணு ரெண்டு சின்ன சைஸ் வரும் மேடம். இப்ப எல்லாமே யூனிசெக்ஸ்." யூனிசெக்ஸ் என்றால் 52, 54, 56. 44 சைஸ் வேண்டுமென்றால் முழுப் பணமும் முன்கூட்டியே கட்டி, ஓட்டிப் பார்க்காமலே வரவழைத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் வாங்குவதில்லை, அதனால் வைப்பதில்லையாம். வைத்திருந்தால் வாங்கியிருப்பேனே, கார்டை நீட்டிக்கொண்டுதானே நின்றேன்?

இதைக் குரூப்பில் சொல்லப்போக, மூத்தவர் புதுக்கோட்டையை இழுத்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்களே, லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்ததும் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்களே, நடு பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று சிலர் அதைத்தானே விரும்பினார்கள், பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறாரே என்றார். எழுதியிருக்கிறார். நானும் படித்திருக்கிறேன். அது அந்தப் பெண்களின் சாமர்த்தியம், சைக்கிள் கம்பெனிகளின் சாமர்த்தியம் இல்லை. அதுவும் போக, அந்த வண்டிகளில் ஹேண்டில் பார் நம்மைத் தேடி வளைந்து வரும். ரோடு பைக்கில் நாம்தான் அதைத் தேடி வேளச்சேரி வரைக்கும் கையை நீட்ட வேண்டும்.

பிரேக் லீவரைத் தனியாகச் சொல்ல வேண்டாம். ஷிமானோ லீவரில் ஒரு குட்டித் திருகு உண்டு; திருப்பினால் லீவர் விரலுக்குப் பக்கத்தில் வரும். இத்தனை பேர் சீட்டில் கை வைத்தார்களே, ஒருத்தர்கூட அந்தத் திருகைத் தொட்டதில்லை.

கிராங்க் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை. ஆறடி ஆளுக்கு 175 மில்லிமீட்டர். எனக்கு 170. அந்த ஆளுக்கும் எனக்கும் உயரத்தில் முப்பது சென்டிமீட்டர் வித்தியாசம், கிராங்கில் ஐந்து மில்லிமீட்டர். போகட்டும், ஒரு 165 மாட்டியாவது முட்டியைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், 2024-ல் ஜிரோவையும் டூர் டி பிரான்சையும் ஒரே வருஷத்தில் வென்ற டாடே பொகாச்சர் 165-க்கு இறங்கிவிட்டார். அன்றிலிருந்து ஈசிஆரின் நெடுமரங்கள் எல்லாம் 165 கேட்டு அலைகின்றன. நான் போன் பண்ணிய கடைகளில் ஸ்டாக் இல்லை. எங்கள் மூத்தவர் உயரம் ஐந்தடி பதினொன்று. அவர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறார், ஒன்று ஸ்பேராம்.