மஞ்சளும் மஞ்சளும் ஒன்றல்ல

காருக்குப் பாலிஷ் போடும் ஃபோம் பேட் என்பது பாலியூரித்தேன் நுரையில் வெட்டிய வட்டப் பஞ்சு. ஒரு பக்கம் வெல்க்ரோ. அது மெஷினின் தட்டில் ஒட்டிக்கொள்ளும். மறுபக்கத்தில் பாலிஷைத் தடவிப் பெயிண்டின் மேல் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் பொருள். ஆனால் காரை ஒரே மாலையில் தேர்ந்தெடுத்துவிட்ட மனிதருக்குக்கூட, இந்தப் பஞ்சைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் தூக்கம் கெடுவது உண்டு.

தேவை வெயிலில் பிறக்கிறது. நிழலில் நிற்கும்வரை எல்லாக் காரும் புதுக் கார்தான். வெயிலில் நிறுத்தினால், அதிலும் கறுப்புக் காராக இருந்தால், பானெட்டில் விழும் சூரிய வெளிச்சத்தைச் சுற்றி வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். காரை மெருகேற்றுவதையே தொழிலாகச் செய்யும் டீடெயிலிங்காரர்கள் இதை ஸ்வர்ல் மார்க் என்பார்கள். மணல் ஒட்டிய துணியால் யாராவது அன்போடு துடைத்ததன் தடயம் அது. ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் கார்களைக் குளிப்பாட்டும் அடுக்குமாடி வழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. துடைக்காத காரில் தூசிதான் இருக்கும். கீறல் வேண்டுமென்றால் தினமும் துடைக்க வேண்டும்.

இந்தக் கீறல்கள் பெரும்பாலும் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சில்தான் இருக்கின்றன. இன்றைய கார்களில் அதன் தடிமன் வழக்கமாக 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரான். பாலிஷ் கீறலை நிரப்பிவிடும் என்றே பலரும் நம்புகிறார்கள். நல்ல பாலிஷ் அப்படிச் செய்வதில்லை. கீறலைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து, கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஆகவே ஒவ்வொரு பாலிஷும் ஒரு செலவு. முடியைவிட மெல்லிய சொத்திலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதை முடிவு செய்வதில் பேடுக்கும் பங்கு இருப்பதால்தான் இத்தனை கவலை.

கடைகளில் பேடுகள் மூன்று வகையாக விற்கப்படுகின்றன. கடினமான கட்டிங் பேட், காம்பவுண்ட் என்ற கரடான பாலிஷோடு சேர்ந்து ஆழமான கீறல்களைத் தேய்க்கும். நடுத்தரமான பாலிஷிங் பேட், முன்னது விட்டுப்போன மங்கலைப் போக்கும். மென்மையான ஃபினிஷிங் பேட் கடைசிப் பளபளப்புக்கும் மெழுகு பூசவும் உதவும். இத்தோடு விஷயம் முடிந்திருக்கலாம். நிறுவனங்கள் அவற்றுக்கு நிறம் கொடுத்தன.

நிறம் இருந்தால் பாமரனுக்கும் புரியும் என்ற நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார்கள். ஆனால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் கொடுத்தார்கள். அமெரிக்காவின் லேக் கன்ட்ரி நிறுவனத்தின் பழைய வரிசையில் மஞ்சள் என்றால் கட்டிங். பெயிண்டைக் கடித்து எடுக்கும். மெகுவையர்ஸ் நிறுவனத்தில் மஞ்சள் நடுத்தரம். இத்தாலியின் ரூபெஸ் நிறுவனத்தில் அது மென்மையான பக்கத்தைச் சேர்ந்தது. அங்கே கரடுமுரடான வேலைக்கு நீலம். அந்த நீலத்தை லேக் கன்ட்ரியில் கேட்டால் கடைசிப் பூச்சுக்கான மென்பஞ்சு வரும். வெள்ளை ரூபெஸில் எல்லாவற்றிலும் சாது. கெமிக்கல் கைஸின் ஹெக்ஸ் லாஜிக் வரிசையில் நடுவழி. அதே வரிசையில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு என்று ஏழு நிறங்கள். கீறலைப் போக்க வந்தவருக்கு வண்ணப்பெட்டி கிடைக்கிறது. கறுப்பில் மட்டும் லேக் கன்ட்ரி, மெகுவையர்ஸ், கெமிக்கல் கைஸ் மூவரும் ஒத்துப்போகிறார்கள்: மென்மை. காரின் நிறத்துக்குப் பொருத்தமாகப் பேட் வாங்குகிறவரையும் குறைசொல்ல முடியாது. நிறம் பார்த்து வாங்க அதைவிடத் தெளிவான விதி எதையும் இந்தத் தொழில் உருவாக்கிவைக்கவில்லை.

எனவே அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தியும் பார்க்க வேண்டும். விரலை எதிர்க்கும் பேட் பெயிண்டையும் எதிர்க்கும். அடுத்து நுரையின் கண்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை துளைகள் என்பது ஒரு கணக்கு: பொதுவாகத் துளைகள் குறைந்து பெரிதானால் வெட்டு அதிகம், நெருங்கிச் சிறுத்தால் குறைவு. திறந்த துளை நுரையில் காற்று ஓடுவதால் சூடு குறையும், ஆனால் பாலிஷைக் குடிக்கும். மூடிய துளை நுரை பாலிஷை மேல்பரப்பிலேயே நிறுத்தும், ஆனால் சூட்டை எளிதில் விடாது. முகத்தில் வெட்டிய கட்டங்கள், குழிகள், அறுகோணங்கள் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும். அவற்றால் பயன் உண்டு. விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை.

மெஷின் எது என்பதும் பேடைத் தீர்மானிக்கும். ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுற்றும். வேகமாக வெட்டும், வேகமாகச் சூடேற்றும், ஓரங்களில் கவனம் பிசகினால் அடிப்பெயிண்டைக் காட்டிவிடும். டூயல் ஆக்‌ஷன் மெஷின் சுற்றிக்கொண்டே ஆடும். புதியவர்களுக்கு இதுதான் பத்திரம். ஆட்டத்தின் அகலம் சாதாரண மெஷினில் 8 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பெரியவற்றில் 15, 21. இந்த ஆட்டத்தைத் தடித்த பேட் தன் உடம்பிலேயே வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். மெல்லிய பேட் பெயிண்டிடம் சேர்க்கும். அதனால் டூயல் ஆக்‌ஷனுக்கு மெல்லிய பேடே நல்லது. மெஷின் மேல் முழு எடையையும் போட்டு அமுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு சுற்றாமல் நின்றால் பேடும் நின்றுவிட்டது என்று பொருள். சத்தமும் வியர்வையும் மட்டும் நடந்துகொண்டிருக்கின்றன.

அளவில் ஒரே விதி: பேட் தட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். 5 அங்குலத் தட்டுக்கு 5.5 அங்குல பேட். இரண்டும் சமமென்றால் தட்டின் கடினமான விளிம்பு ஒருநாள் பெயிண்டை முத்தமிடும். கதவுத் தூண், பம்பர் வளைவு போன்ற இடங்களுக்கு 3 அங்குலம் வேண்டும்.

ஒரு காருக்கு ஒரு பேட் போதும் என்பது கடைக்காரரே சொல்லாத பொய். தேய்த்தெடுத்த கிளியர் கோட்டும் காய்ந்த பாலிஷும் துளைகளை அடைத்ததும் பேட் பூச்சைச் சரிசெய்வதை விட்டுப் புதிதாகக் கீற ஆரம்பிக்கும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷால் தட்ட வேண்டும், சில பகுதிகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆகவே வெட்டுவதற்கும் பாலிஷுக்கும் தலா மூன்று நான்காவது தேவை. காம்பவுண்ட் பார்த்த பேடை மெழுகுக்குக் கொண்டுபோகக் கூடாது. தரையில் விழுந்த பேடை ஊதிவிட்டுத் திரும்ப மாட்டுகிறவர் மணலால்தான் பாலிஷ் போடுகிறார்.

எல்லாம் வாங்கிய பிறகு, பானெட்டில் சுமார் 2 அடிக்கு 2 அடி இடத்தில் சோதிக்க வேண்டும். மென்மையான பேட், மென்மையான பாலிஷ் என்று ஆரம்பித்து, போதாவிட்டால் மட்டுமே கடினத்துக்கு ஏற வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்வார்கள், கடினமான பேடுக்குத்தானே அதிகக் காசு கொடுத்தோம் என்று. ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்து, விளக்கடியில் பார்ப்பது அவசியம். பாலிஷின் எண்ணெய் கீறல்களைத் தற்காலிகமாக மறைத்து, செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்கிக் கொடுத்துவிடும்.

இதற்கெல்லாம் முன்பாக, கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் அது பெரும்பாலும் கிளியர் கோட்டின் கணக்கைத் தாண்டிய ஆழம். எந்த நிறப் பஞ்சும் அதைப் பத்திரமாக எடுக்காது. பெயிண்டரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.